கோபாலைச் சாவகத்துக்கு அனுப்புதல்

ஸ்காபரோவிலிருந்து தங்கை கேட்கிறாள்:
"ஆரக்கா அந்தக் கோபால்?
இரவிலயும் அவரோடதான் மாரடிக்கிற."
கோபோல், கோபோல் என்று திருத்தினேன்.
அவள் திருந்தவில்லை.
பிறகு நானும் கோபால் என்றே சொல்லத் தொடங்கினேன்.

என்னைவிடப் பத்து வயது மூப்பு.
ரெஜைனாவில், ஆல்பர்ட் தெருவில், மூன்றாம் மாடியில்
ஆலங்கட்டி அடித்த வயல்களுக்குக்
காசு எண்ணிக் கொடுக்கிறார்.
கோதுமை, கனோலா,
நாங்கள் மைசூர்ப் பருப்பு என்று வாங்குகிற அந்தச் சிவப்பு.
அவரைப் பெயர்த்து ஜாவாவில் குடிவைக்க
எனக்குப் பதினெட்டு மாத ஒப்பந்தம்.
ஜாவாவுக்குப் பழைய பெயர் சாவகம் என்றேன்.
"அப்ப கப்பல்லதான் அனுப்போணும்."

வினையை முதலில் வைப்பார் கோபால்.
கூட்டு. கழி. செய். நிறுத்து.
நான் வினையைக் கடைசியில் வைத்து வளர்ந்தவள்.
ஜாவாவோ முதலில் ஆளைக் கூப்பிடும்,
ஒரு புள்ளி வைக்கும்,
அதன் பிறகே வேலையைச் சொல்லும்.
இவருக்கு முடிவு எதுவோ
அதற்கு அதுவே கதவு.

நகர்த்து என்பார்.
எதுவும் நகராது.
இருந்தது இருந்த இடத்திலேயே இருக்க
புது இடத்தில் இன்னொன்று முளைக்கும்.
இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஒரு கிழமை பிடித்தது.
ரொவேனா ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று கேட்டாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி. வெளியே கழித்தல் முப்பத்துநான்கு.
பழையதையும் புதியதையும்
ஒரே இரவில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம்.
நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஏழு வயல்கள்.
ஒன்று மட்டும் இடித்தது.
பதினொரு டொலர் நாற்பது சதம்.

என் சட்டைப்பையில் இருந்தே கொடுத்துவிடலாம்.
கொடுக்க விடமாட்டார்கள்.

தேடினேன். ஆறாயிரத்து நூற்றுப் பதினான்காம் வரி.
பதினேழாம் கூறு இல்லையென்றால்
என்று தொடங்கிய வாக்கியத்துக்கு
முற்றுப்புள்ளி இல்லை.
அடுத்த வரியில் நின்ற தாமதக் கட்டணம்
தெரியாமல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது.
அன்றிலிருந்து பதினேழாம் கூறுக்காரருக்குத்
தவணை பிந்தினாலும் தண்டமில்லை.
போன வருடம் அங்கே பிந்தியவர் ஒரே ஒருவர்.
விதிநூலைப் பார்த்துக்கொண்டே எழுதிய நான்
இல்லாத புள்ளியை இருப்பதாகப் படித்திருக்கிறேன்.
ஓரத்தில் ஒரு குறிப்பு:
87 மார்ச். தொடாதே. வா.ஹ்.

வால்டர் ஹ்ரிஹோருக் இப்போது மூஸ் ஜாவில்.
தொலைபேசிக்குப் பின்னால் கர்லிங் ஆட்டத்தின் கூச்சல்.
"பதினேழா? அங்கே எனக்கு யாருமில்லையே."
நெடுநேரம் யோசித்தார்.
"ஞாபகம் இல்லை, அம்மணி.
ஆனால் புள்ளி மறக்கிற ஆளில்லை நான்."

டார்லீன் இரண்டு தாள்களை முன்னால் வைத்தாள்.
விதிநூலில் இல்லாதது பிழை: இது ஒன்று.
பிழை உட்பட அப்படியே பெயர்க்க வேண்டும்: இது ஒப்பந்தம்.
"வெள்ளிக்குள் சொல்" என்று கோப்பியுடன் போய்விட்டாள்.

கோபாலிடம் ஒரு புள்ளியை வைக்காமல் விட்டால் போதும்,
சலுகை சத்தமில்லாமல் பிழைத்துக் கிடக்கும்.
ஜாவாவில் அது நடக்காது.
பெயரில்லாத எதற்கும் அங்கே இடமில்லை.
பெயர்க்க வந்தவள்
பெயர் வைக்க வேண்டியதாயிற்று.

கருணை என்று எழுதி அழித்தேன்.
பழைய பிழை என்று எழுதி அதையும்.
ஏழரை மணிக்கு, இடைவெளி விட அனுமதியில்லாததால்
ஒரே மூச்சில்:
வால்டர்வைக்காதபுள்ளி.

ஓடவிட்டேன். வித்தியாசம்: சுழியம்.

கார் தரிப்பிடத்தில் சூடேற்றியின் வயரைப் பிடுங்கும்போது
கையுறையோடு செருகி ஒட்டிக்கொண்டது.
தங்கைக்கு எழுதினேன்:
கோபால் போய்ச் சேர்ந்திட்டார்.
"அப்ப பழைய வீட்டில?"
அங்கயும் இருக்கிறார். பங்குனி வரைக்கும்.